நெஞ்சறையின் நிணநீர் நெறிகள்: உடற்கூறும் பெயர் வழக்கும்

தோற்றுவாய்

உடலில் ஓடும் நீர்மங்களுள் குருதி கண்ணுக்கு எளிதில் புலனாவது. புண்பட்ட இடத்துப் பாய்ந்து தன் இருப்பைத் தானே அறிவிப்பது. ஆகலின் குருதி, உதிரம், செந்நீர், அரத்தம், நெய்த்தோர் என அதற்குத் தமிழில் பெயர் பலவாயின. நிணநீரோ அத்தகையதன்று. பெரும்பாலும் நிறமற்றதாய், நூலினும் மெல்லிய நாளங்களில் ஓசையின்றி ஊர்ந்து, இறுதியில் குருதியோடு கலந்து மறைவது. அறுவை மருத்துவரும் தேடிப்பாராவிடின் காணாது விடுவர். எனவே அதற்கும் அதன் வழிகளுக்கும் உரிய சொற்கள் பழவழக்கிலிருந்து நேரே கிடைக்கவில்லை. பிற்காலத்தார் ஆக்கிக் கொண்டனவே பலவாம்.

அங்ஙனம் ஆக்கப்பட்ட சொற்கள் பொருளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சிக்கு நெஞ்சறையை யாம் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. உடலின் ஏனைப் பகுதிகளில் கிளைகளாய்ப் பிரிந்து கிடக்கும் நிணநீர் வழிகள் ஒன்றுகூடிக் குருதியில் சேர்வது நெஞ்சறையின் மேல்வாயிலிலேதான். பெருவழியும் சிறுவழியும், கொழுப்புடைய நீரும் கொழுப்பற்ற நீரும், வலமும் இடமும் அங்கே எதிர்ப்படுகின்றன. அவ்விடத்தே பொருந்தும் சொல் உடல் முழுமைக்கும் பொருந்தும்; அவ்விடத்தே பிழைபடும் சொல் எங்கும் பிழைபடும்.

இது வெறுஞ்சொல்லாய்வு அன்று என்பதையும் முதற்கண் கூறிவிடல் வேண்டும். மருத்துவர் தமிழில் கூறும் ஒரு சொல்லைக் கொண்டே நோயாளி தம் உடலுள் நிகழ்வதை உணர்கின்றார். சொல் திரிந்தால் உணர்வும் திரியும். உணர்வு திரிந்தால் உரிய காலத்தில் மருத்துவரை நாடுதலும் தவறும்.

மார்பு, மார்பகம், நெஞ்சறை

முதலில் இடத்தின் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மார்பு என்பது ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவான உறுப்பின் பெயர். பண்டை நூல்களில் மார்பகம் என்பதும் அப்பொருளதே. வீரனது மார்பையும் மார்பகம் என்றே வழங்கினர். இக்காலத்திலோ மார்பகம் என்னும் சொல் பெண்களின் முலையையே குறிப்பதாய்ச் சுருங்கிவிட்டது. இடக்கரடக்கல் கருதி முலை என்னும் தெளிந்த சொல்லை ஒதுக்கியமையால் நேர்ந்த மாற்றம் இது. இதன் பயனாக 'மார்பில் நிணநீர் வழி' என்று எழுதினால், அது விலாவெலும்புகளுக்கு உள்ளே கிடப்பதைச் சுட்டுகிறதா, தோலுக்கடியில் முலைத்திசுவில் கிடப்பதைச் சுட்டுகிறதா என்னும் ஐயம் எழுகின்றது.

இவ்விரண்டும் உடற்கூற்றில் வேறு வேறானவை. ஆகவே இக்கட்டுரையில் விலாவெலும்புகள், மார்பெலும்பு, முதுகெலும்பு, உதரவிதானம் ஆகியவற்றால் சூழப்பட்ட உள்ளிடத்தை நெஞ்சறை என்றும், அவ்வெலும்புகளோடு கூடிய புறத்தைச் மார்புச்சுவர் என்றும், அதன்மேல் அமைந்த உறுப்பை முலை என்றும் வழங்குவோம். வலம், இடம் என்பன காண்பாருடைய வலமும் இடமும் அல்ல. அவ்வுடலுக்கு உரியாருடையவை என்க.

நிணம் என்னும் சொல்லின் தகுதி

நிணம் என்பது சங்க நூல்களில் கொழுப்பையும் கொழுப்புடைய ஊனையும் குறித்து வழங்குவது. எனவே நிணநீர் என்பதன் நேர்ப்பொருள் கொழுப்புடைய நீர் என்பதாம். மேனாட்டார் வழங்கும் 'லிம்ப்' என்னும் சொல்லோ, தெளிந்த நீர் எனப் பொருள்படும் 'லிம்பா' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஒரே பொருளுக்கு ஒரு மொழி தெளிநீர் என்றும் மற்றொரு மொழி கொழுப்புநீர் என்றும் பெயரிட்டிருத்தல் வியப்பைத் தருவதாகும். இவற்றுள் எது பொருந்தும்?

விடையை உடலே கூறுகின்றது. மெல்லிய குருதி நுண்குழல்களின் சுவரினூடே நீரும் சிறிதளவு புரதமும் கசிந்து திசுக்களின் இடைவெளியை அடைகின்றன. கசிந்த நீரின் பெரும்பகுதி அந்நுண்குழல்களின் சிரைப்பக்கத்தால் மீண்டும் உறிஞ்சப்படும் என்றும், எஞ்சிய சிறுபகுதியே நிணநீராகும் என்றும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் லெவிக், மைக்கேல் என்னும் அறிஞர் இருவர் அதுகாறும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, பெரும்பாலான திசுக்களில் அத்தகைய இடையறா மீளுறிஞ்சல் நிகழ்வதில்லை என்றும், கசிந்ததைக் குருதிக்கு மீட்டுத் தருவது பெரும்பாலும் நிணநீர் வழியே என்றும் நிறுவினர். இங்ஙனம் கையிலும் காலிலும் தோன்றும் நிணநீர் தெளிந்தது. கொழுப்பு மிகவும் குறைந்தது. அதற்கு இலத்தீன் பெயரே பொருந்தும்.

சிறுகுடலினின்று வரும் நிணநீரின் தன்மை வேறு. உணவிலுள்ள கொழுப்பு செரித்தபின் நுண்துளிகளாகி, குருதிக் குழல்களுட் புகாமல், குடலின் நிணநீர் நுண்குழல்களுட் புகுகின்றது. அதனால் உணவுண்ட சில மணிநேரத்தில் அந்நீர் பால்போல் வெளுத்துத் தோன்றும். உண்ணாதிருக்குங்கால் அதுவும் தெளிந்தே ஓடும். இப்பால்நிற நீரை நிணப்பால் எனலாம். அதற்குத் தமிழ்ப்பெயர் முற்றும் பொருந்தும்.

நெஞ்சறையின் பெருநாளத்தில் இவ்விரு நீர்களும் ஒன்றாகக் கலந்து செல்கின்றன. ஆகவே நிணநீர் என்னும் சொல்லைப் பொதுப்பெயராகக் கொள்ளுதல் வழுவன்று. தலைமை பற்றி வந்த பெயர் என்று கொள்ளத் தகும். ஊநீர் என்னும் சொல்லைச் சிலர் இதற்கு வழங்குகின்றனர். வேறு சிலர் உறைந்த குருதியினின்று பிரியும் தெளிவை அச்சொல்லாற் குறிக்கின்றனர். ஒரு சொல் இரண்டு நீர்மங்களுக்கு இடந்தருதல் மருத்துவத்தில் ஏதமுடைத்தாதலின், நிணநீர் என்பதையே யாம் மேற்கொள்கிறோம்.

கண்டறிந்த வரலாறு

இவ்வழி கண்டறியப்பட்ட வரலாறும் கொழுப்பாலேயே அமைந்தது. இத்தாலி நாட்டு உடற்கூற்றறிஞர் கஸ்பாரே அசெல்லி 1622ஆம் ஆண்டில் ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடல்தாங்கி மடிப்பில் வெண்ணூல்கள் போன்றவற்றைக் கண்டார். நரம்புகளோ என ஐயுற்று ஒன்றை அறுத்தார், வெண்ணீர் ஒழுகிற்று. அந்நாய் சற்று முன்னரே உணவுண்டிருந்தமையே அவை புலப்பட்டதற்குக் காரணமாம். அவருடைய நூல் அவர் மறைந்தபின் 1627இல் வெளிவந்தது. எனினும் உணவுச்சாறு கல்லீரலுக்குச் சென்றே குருதியாகும் என்னும் காலெனின் பழங்கொள்கையை அவர் விட்டாரல்லர். தாம் கண்ட வெண்குழல்களும் கல்லீரலையே அடைவன என்று கருதினார்.

அக்கொள்கையை அசைத்தவர் பிரஞ்சு நாட்டு இளைஞராகிய ழான் பெக்கே. நாயின் இதயத்தை அகற்றிய பின்னும் மேற்பெருஞ்சிரையினின்று வெண்ணீர் வருதலைக் கண்டு, அதன் மூலத்தைத் தேடிச் சென்றார். நெஞ்சறையின் பின்புறமாக ஏறிவரும் நாளத்தையும், அதன் அடியில் வயிற்றகத்தே அமைந்த பையையும் கண்டு, 1651இல் வெளியிட்டார். உணவின் வெண்சாறு கல்லீரலை அடையாமல் நெஞ்சறை வழியே ஏறிச் சிரையிற் கலக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. மறு ஆண்டில் டேனிஷ் அறிஞர் தோமஸ் பார்த்தோலின் மனித உடலில் அந்நாளத்தை விளக்கினார். அவரும் சுவீடன் நாட்டு ஓலாஃப் ரூட்பெக் என்பாரும் குடலுக்குப் புறம்பான உறுப்புகளிலும் தெளிநீர் ஓடும் நாளங்கள் உண்டெனத் தனித்தனியே கண்டனர்; எவர் முந்தியவர் என்னும் பூசல் நெடிது நடந்தது. 1653இல் அவற்றிற்குத் தெளிநீர் நாளங்கள் எனப் பெயர் சூட்டியவர் பார்த்தோலின். குருதியை ஆக்கும் தலைமையை இழந்த கல்லீரலுக்கு அவர் நகைச்சுவையாக ஒரு கல்லறை வாசகமும் எழுதினார். எனினும் சருக்கரையும் புரதச் சிதைவுகளும் வாயிற்சிரை வழியே கல்லீரலுக்கே செல்கின்றன என்பது இன்று தெளிவாதலின், கல்லீரல் இழந்தது முழுமையுமன்று என்க.

அவர்களுக்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1560களில், யூஸ்டாக்கி என்பார் குதிரையின் நெஞ்சறையில் இந்நாளத்தைக் கண்டு 'வெண்சிரை' என்று குறித்திருந்தார். ஆயினும் அதன் தொழில் அறியப்படாமையின் அக்காட்சி பயனின்றிக் கிடந்தது. உறுப்பைக் கண்டால் மட்டும் போதாது. அதன் தொழிலும் தெரிந்தாலன்றிப் பெயர் நிலைபெறாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். பின்னர் பவுலோ மஸ்கன்யி நாளங்களுட் பாதரசத்தைச் செலுத்தி, உடல் முழுமைக்கும் உரிய நிணநீர்ப் படங்களை 1787இல் வெளியிட்டார்.

தமிழில் இத்துறைக்குரிய முயற்சியும் அண்மையதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர் துணையோடு மேனாட்டு உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் தமிழில் வெளியிட்டார். நெஞ்சறைக்குள் கிடக்கும் ஒவ்வொரு நாளத்துக்கும் தமிழில் பெயர் வேண்டும் என்னும் தேவை அன்றே உணரப்பட்டது.

நெஞ்சறைப் பெருநாளம்

இனி உடற்கூற்றைக் காண்போம். உடலின் மிகப்பெரிய நிணநீர் வழி நெஞ்சறைப் பெருநாளம். அதன் நீளம் ஏறக்குறைய 38 முதல் 45 செண்டிமீட்டர். முதலாம் இரண்டாம் இடுப்பு முதுகெலும்புகளின் முன்னே, பெருந்தமனியின் வலப்புறத்தே, கால்களினின்றும் குடலினின்றும் வரும் நாளங்கள் கூடுமிடத்தில் இது தோன்றுகின்றது. அவ்விடம் பலரிடத்துப் பைபோல் அகன்றிருக்கும். சிலரிடத்து வலைப்பின்னலாகவே இருக்கும். நிணப்பாற்பை என்று அதனைக் குறிக்கலாம்.

அங்கிருந்து புறப்பட்டு, உதரவிதானத்தில் பெருந்தமனி செல்லும் வாயிலின் வழியே இந்நாளம் நெஞ்சறையுட் புகுகின்றது. அங்கே இடப்பக்கம் பெருந்தமனியும் வலப்பக்கம் தனிச்சிரையும் அமைய, அவ்விரண்டின் நடுவே, உணவுக்குழலின் பின்னே, முதுகெலும்பை ஒட்டி மேலேறும். ஐந்தாம் மார்பு முதுகெலும்பின் அளவில் வலத்தினின்று இடத்துக்குக் கடந்து செல்லும். பின்னர் உணவுக்குழலின் இடவோரத்தைப் பற்றி ஏறிக் கழுத்தடியை அடைந்து, காறையெலும்பினும் மூன்று நான்கு செண்டிமீட்டர் உயர்ந்து வளைந்து, கீழிறங்கி, இடக்கழுத்தின் உட்சிரையும் காறையடிச் சிரையும் கூடும் மூலையில் குருதியோடு கலக்கும். அவ்வாயிலில் உள்ள தடுக்கிதழ் குருதி பின்னோக்கிப் புகாது காக்கின்றது.

நாள்தோறும் இதன்வழிச் செல்லும் நீர் ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் வரை. உண்ட உணவுக்கேற்ப அது கூடியும் குறைந்தும் அமையும். இதனை உந்துதற்கு இதயம் போன்றதொரு தனியுறுப்பு இல்லை. நாளச்சுவரின் மெல்லிய தசை தானே சுருங்கி விரிகின்றது. மூச்சை உள்ளிழுக்குந்தோறும் நெஞ்சறையின் அழுத்தம் குறைய, வயிற்றகத்தின் அழுத்தம் கூடி நீரை மேலே தள்ளுகின்றது. அருகில் துடிக்கும் பெருந்தமனியும் துணைபுரிகின்றது. இடையிடையே அமைந்த தடுக்கிதழ்கள் சென்ற நீரை மீளவிடுவதில்லை.

உடலின் முக்காற்பங்கு நிணநீர் இந்நாளத்தையே சேரும். எஞ்சியது தலையின் வலப்பாதி, கழுத்தின் வலப்பாதி, வலக்கை, நெஞ்சறையின் வலப்பாதி என்னும் இவற்றின் நீராம். அது ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் நீளமே உள்ள வலநிணநாளத்தின் வழியே வலக்கழுத்தடிச் சிரையைச் சேர்கின்றது. பலரிடத்து அச்சிறு நாளமும் இல்லை. கிளைகள் தனித்தனியே சிரையிற் புகும். ஆகவே நிணநீர்ப் பரப்பை வலப்பாதி இடப்பாதி எனச் சமமாகப் பிரித்தல் தவறாகும்.

ஐந்தாம் முதுகெலும்பின் அளவில் இந்நாளம் பக்கம் மாறுதல் நூலளவில் நில்லாது உயிர்நிலைச் செய்தியாகின்றது. அடிபட்டோ அறுவையின்போதோ நாளம் கிழிந்தால், நிணப்பால் நுரையீரலைச் சூழ்ந்த உறையின் இடைவெளியில் ஒழுகி நிரம்பும். கிழிவு அவ்வளவிற்குக் கீழே நேரின் பெரும்பாலும் வலப்பக்கத்தும், மேலே நேரின் இடப்பக்கத்தும் நீர் சேரும். எப்பக்கத்தில் நீர் நிரம்பிற்று என்பதைக் கொண்டே கிழிவின் இடத்தை மருத்துவர் ஊகிக்கின்றனர். கொழுப்பும் புரதமும் வெள்ளணுக்களும் நாள்தோறும் இழக்கப்படுதலின், அடைக்காது விடின் உடல் மெலிந்து உயிர்க்கே ஊறு நேரும். 1948இல் லாம்சன் என்பார் நெஞ்சறையினுள்ளேயே இந்நாளத்தைக் கட்டி ஒழுக்கை நிறுத்திய முறையை வெளியிட்டபின் பலர் உயிர் பிழைத்தனர். நாளத்தைக் கட்டினால் நிணநீர் தேங்காதோ எனின், தேங்குவதில்லை. சிரைகளோடு கூடும் பிற சிறுவழிகள் விரிந்து அத்தொழிலை ஏற்கின்றன.

கிழிவைத் தேடும் மருத்துவர், அறுவைக்கு முன் நோயாளிக்குப் பாலேடு போன்ற கொழுப்புணவைத் தருதலும் உண்டு. அதனால் நாளத்து நீர் வெளுத்து, ஒழுகுமிடம் கண்ணுக்குப் புலனாகும். அசெல்லியின் நாய்க்குத் தற்செயலாய் நேர்ந்தது இங்கே முறையாகக் கையாளப்படுகின்றது.

மார்புச்சுவரும் முலையும்

மார்புச்சுவரின் நிணநீர் மூன்று நிரல்களான கணுக்களை அடைகின்றது. மார்பெலும்பின் இரு மருங்கும் உட்புறமாக அமைந்தவை மார்பெலும்போரக் கணுக்கள். விலாவெலும்புகளின் பின்னோரத்தே முதுகெலும்பை அடுத்து நிற்பவை விலாவிடைக் கணுக்கள். உதரவிதானத்தின் மேற்பரப்பில் அமைந்தவை விதானக் கணுக்கள். கல்லீரலின் மேற்பரப்பிலிருந்து வரும் நிணநீரின் ஒருபகுதி விதானத்தைத் துளைத்து இக்கணுக்களை அடைதலின், வயிற்றகத்து நோய் நெஞ்சறையுட் புகுவதற்கும் வழி உண்டாகின்றது.

முலையின் நிணநீருள் முக்காற்பங்கிற்கு மேற்பட்டது அக்குளை நோக்கிச் செல்கின்றது. எஞ்சியதன் பெரும்பகுதி விலாவெலும்புகளின் இடைவெளி வழியே மார்பெலும்போரக் கணுக்களைச் சேரும். அக்குளில் 20 முதல் 30 வரை கணுக்கள் உள. அவை முன், பின், புறம், நடு, முனை என ஐந்து தொகுதிகளாய் நிற்கின்றன. முன், பின், புறத் தொகுதிகளின் நீர் நடுத்தொகுதிக்கும், அங்கிருந்து முனைத்தொகுதிக்கும், பின்னர் காறையெலும்பின் அடிவழியே கழுத்துக்கும் ஏறுகின்றது.

இவ்வொழுங்கு அறியப்பட்டமையே முலைப்புற்று மருத்துவத்தின் போக்கை மாற்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவையர் முலையையும் மார்புத்தசையையும் அக்குட்கணுக்கள் அனைத்தையும் ஒருங்கே அகற்றினார். கணுக்களை முற்றும் அகற்றியவழிக் கையின் நிணநீர் செல்ல வழியின்றித் தேங்க, கை வீங்கிப் பருத்தல் பலர்க்கு வாழ்நாள் துன்பமாயிற்று. 1990களின் முற்பகுதியில் வேறொரு முறை தோன்றியது. கட்டியின் அருகே நீலச்சாயத்தையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது முதலிற் சென்று சேரும் கணுவை மட்டும் எடுத்து ஆராய்தல் அம்முறை. அக்கணுவில் புற்றில்லையெனின் ஏனைக் கணுக்களை அகற்ற வேண்டுவதில்லை. அதனைக் காவற்கணு என்று தமிழில் வழங்குதல் மிகப் பொருத்தம். ஊர்வாயிலில் நிற்பானைக் கண்டால் உள்ளே பகை புகுந்ததா என்பதை அறியலாமன்றோ?

நுரையீரலின் நிணநீர்

நுரையீரலில் இருவகைப் பின்னல்கள் உள. ஒன்று புறவுறையின் அடியிற் பரந்தது. மற்றொன்று மூச்சுக்கிளைகளையும் குருதிக்குழல்களையும் தழுவி உள்ளே செல்வது. மூச்சுக்காற்று நிறையும் நுண்ணறைகளின் சுவரில் நிணநாளங்கள் இல்லை. இரு பின்னல்களும் நுரையீரலின் வாயிலை நோக்கியே ஓடி, முதலில் நுரையீரலினுள் அமைந்த கணுக்களையும், பின் வாயிற்கணுக்களையும், பின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவையின் கீழும் மேலும் அமைந்த கணுக்களையும், இறுதியில் மூச்சுக்குழலோரக் கணுக்களையும் அடைகின்றன.

இங்கே மற்றொரு பக்கமாற்றம் உண்டு. வலநுரையீரலின் நீர் வலப்பக்கமாகவே ஏறும். இடநுரையீரலின் கீழ்மடலினின்று வரும் நீரில் ஒருபகுதியோ கவைக்கணுக்களை அடைந்து வலப்பக்கம் கடந்துவிடும். ஆகவே இடக்கீழ்மடலிற் பிறந்த புற்று வலப்பக்கக் கணுவிற் காணப்படலாம். 2009இல் உலக நுரையீரற் புற்றாய்வாளர் வகுத்த படத்தில் நெஞ்சறைக் கணுக்கள் 14 நிலையங்களாக எண்ணிடப்பட்டன. அப்படத்தில் மூச்சுக்குழலோரக் கணுக்களை வலம் இடம் எனப் பிரிக்கும் எல்லைக்கோடு மூச்சுக்குழலின் நடுவே வரையப்படாது, அதன் இடவோரத்தே வரையப்பட்டது. நீர் பெரிதும் வலத்தே சாய்தலின் எல்லையும் அதற்கேற்பச் சாய்ந்தது என்க. நோயுற்ற கணு நுரையீரலினுள்ளும் அதன் வாயிலிலும் மட்டும் இருப்பின் ஒருநிலை. அதே பக்கத்து நடுநெஞ்சிலோ கவையின் கீழோ இருப்பின் அடுத்தநிலை. எதிர்ப்பக்கத்தோ காறையெலும்பின் மேலோ இருப்பின் அதற்கும் மேல்நிலை. அறுவை செய்யலாகுமா என்பது பெரும்பாலும் இப்பகுப்பைச் சார்ந்தது. 'அருகில் உள்ள கணு' என்று மட்டும் மொழிபெயர்ப்பாளர் எழுதிவிடின் இவ்வேறுபாடு முழுதும் அழிந்துபோகும்.

இக்கணுக்கள் வடிகட்டும் தொழிலைக் கண்ணாற் காணவும் இயலும். புகையும் கரித்தூளும் நெடுநாள் சுவாசித்தவருடைய வாயிற்கணுக்கள் கறுத்திருக்கும். காசநோய்க் கிருமி முதன்முறை புகுந்தபோது நுரையீரலில் ஒரு சிறு புண்ணும், அதனோடு தொடர்புடைய வாயிற்கணுவில் வீக்கமும் உண்டாகின்றன. ஆறியபின் அவ்விடங்களில் சுண்ணம் படிந்து, கதிர்ப்படத்தில் வெண்புள்ளிகளாய்த் தோன்றும். பெருந்தமனி வளைவின் கீழுள்ள கணுக்கள் வீங்கினால், அங்கே வளைந்தேறும் இடக்குரல்வளை நரம்பு நெருக்குண்டு குரல் கம்மும். நெடுநாள் நீங்காத குரற்கம்மலுக்குக் காரணம் குரல்வளையில் இன்றி நெஞ்சறைக் கணுவில் இருத்தலும் கூடும்.

சுரப்பியா, கணுவா?

நிணநீர்ச் சுரப்பி என்னும் வழக்கு இன்னும் பல நூல்களில் காணப்படுகின்றது. ஆங்கிலத்திலும் முன்னாளில் அவ்வாறே வழங்கினர், பின்னர் விடுத்தனர். சுரத்தல் என்பது உள்ளிருந்து ஊறி வெளிப்படல். ஊற்றும் பசுவின் மடியும் சுரப்பன. நிணநீர்க் கணுவோ எந்நீரையும் சுரப்பதில்லை. பல நாளங்கள் அதனுட் புகுகின்றன. சிலவே அதன் வாயிலினின்று வெளியேறுகின்றன. இடையில் நீர் வடிகட்டப்படுகின்றது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. எனவே சுரப்பி என்பது தொழிலைத் திரித்துக் கூறும் பெயர்.

முடிச்சு என்பாரும் உளர். முடிச்சு வேண்டாத இடத்தும் விழுவது, அவிழ்க்கப்பட வேண்டுவது. கணு என்பதோ கரும்பிலும் மூங்கிலிலும் இயல்பாய் அமைந்து, தண்டின் நெறியை இடைநின்று தாங்குவது. நாளத்தின் இடையே அமைந்து நீரை நிறுத்திச் செலுத்தும் இவ்வுறுப்பிற்கு அதுவே தக்க பெயர் என்பது எம் கருத்து.

மக்கள் வழக்கில் இதற்கு மேலும் ஒரு சொல் உண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கிலும், கையில் புண் வந்தால் அக்குளிலும் தோன்றும் வீக்கத்தை 'நெறி கட்டியிருக்கிறது' என்று கூறுவர். நெறி என்பதற்கு வழி என்னும் பொருளும் உண்டாதலின், வழியில் ஏதோ தடைப்பட்டது என்னும் கருத்தும் கேட்பார் செவிக்குத் தோன்றும். உடற்கூறு கூறுவதும் அதுவே. இச்சொல்லை நாட்டுப்புறச் சொல்லென ஒதுக்குதல் ஆகாது. 'நிணநீர்க் கணு பெருக்கம்' என்று எழுதும் நூலார், 'நெறி கட்டுதல்' என்று உடன் எழுதினால் கற்றாரும் கல்லாரும் ஒருங்கே உணர்வர்.

ஆயினும் ஒரு வேறுபாடு கூறப்படல் வேண்டும். புண்ணால் நெறி கட்டும்போது பெரும்பாலும் வலியிருக்கும். புண் ஆறத் தணியும். வலியின்றி, கடினமாய், தணியாது நிற்கும் வீக்கமே ஐயத்திற்கிடமானது. இடக்காறையெலும்பின் மேல் அத்தகைய கணு தோன்றினால் அது வயிற்றகத்துப் புற்றின் அடையாளமாகலாம் என 1848இல் ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ சுட்டினார். இரைப்பையிற் பிறந்த நோய் கழுத்தின் இடப்பக்கத்தே தோன்றுவானேன் என்னும் வினாவிற்கு விடை மேலே கூறப்பட்டது. நெஞ்சறைப் பெருநாளம் வயிற்றகத்து நீரைச் சுமந்துகொண்டு சென்று முடியும் இடம் அதுவேயன்றோ? 'சும்மா நெறிதான்' என்று தள்ளிவிடும் ஒருவர், அச்சொல்லின் பொருளை உணர்ந்தால் தள்ளாதிருப்பர்.

வடிகால் என்னும் உவமை

நிணநீர் செல்லும் முறையை வடிகால் என்று கூறுதல் இன்று பெருவழக்கு. இச்சொல்லைக் கொள்ளலாமா என்பது இறுதி வினா. நகரத்தார் வடிகால் என்றவுடன் சாக்கடையை நினைப்பர். கழிவுநீர் ஊருக்கு வெளியே ஒழிந்துபோவதாகக் கருதுவர். நிணநீர் கழிவன்று. அதிலுள்ள புரதம் குருதிக்கு மீண்டேயாக வேண்டும். மீளாவிடின் குருதியின் நீர் திசுக்களில் தங்கிவிடும். அப்பொருளில் வடிகால் என்பது வழுவாகும்.

உழவர் வழக்கிலோ அச்சொல்லின் பொருள் வேறு. மேல்வயலில் மிகுந்த நீரை வடிப்பதே வடிகால். காவிரிக் கழிமுகத்தே மேல்வயலின் வடிகால் நீர் கீழ்வயலுக்குப் பாசன நீராதலும் உண்டு. மிகுந்ததை நீக்கி, நீக்கியதை வேண்டிய இடத்திற் சேர்க்கும் அமைப்பு அது. அவ்வுழவர் பொருளிலே கொண்டால் வடிகால் என்பது நிணநீர் நெறிக்கு நன்கு பொருந்தும். எனவே சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. அது 'குருதிக்கு மீளும் வடிகால்' என்பதை முதலிடத்தில் விளக்கிவிட்டால் போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. நிணநீர் என்பது நெஞ்சறைப் பெருநாளத்தின் இயல்பு நோக்கத் தக்க பெயரே. ஊநீர் என்பதை அதற்கு வழங்காதிருத்தல் நன்று. சுரப்பி என்பது தொழிலோடு மாறுபடுதலின் விலக்கத்தக்கது. கணு என்பது கொள்ளத்தக்கது. நெறி கட்டுதல் என்னும் மக்கள் வழக்கு போற்றத்தக்கது. நெஞ்சறை, மார்புச்சுவர், முலை என்னும் மூன்றும் தம்முள் மயங்காது எழுதப்படல் வேண்டும். கணுவைக் குறிக்குந்தோறும் அது நிற்கும் இடத்தையும் பக்கத்தையும் பெயரிலேயே காட்டுதல் இன்றியமையாதது. ஏனெனில் இவ்வழி இரண்டிடத்தில் பக்கம் மாறுகின்றது. பெருநாளம் இடத்துக்குக் கடக்கின்றது. இடக்கீழ்மடலின் நீர் வலத்துக்குக் கடக்கின்றது.

கலைச்சொல்லாக்கத்தைச் சொல்லுக்குச் சொல் நிகர்காணும் தொழிலாகக் கருதுவார் பலர். உறுப்பின் இடமும் தொழிலும் அறியாது அகரமுதலியை மட்டும் துணைக்கொண்டு ஆக்கிய சொல், யூஸ்டாக்கி கண்ட வெண்சிரை போலப் பயன்படாது கிடக்கும். தமிழ்த்துறையாரும் மருத்துவத்துறையாரும் ஒருங்கமர்ந்து, உடற்படத்தை முன்வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் ஆராய்தலே செய்யத்தக்கது. அப்பணியில் நெஞ்சறையின் நிணநீர் நெறி முதற்பாடமாக அமைதற்குரியது.